கொல்லைப்புறத்துக் கயிறு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகிற கயிறு எரிந்துபோனதற்கு அந்தக் கோபம்தான் காரணம்.

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி நான் குரோம்பேட்டைக்கு வந்தபோது அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் என் கணவர், இன்னொருவர் அவருடைய அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அண்ணிக்குப் பத்து வயதில் காய்ச்சல் வந்து காது போயிருந்தது. முப்பது தாண்டியதும் கண்ணும் மங்கத் தொடங்கி, நான் வந்த சமயம் வெயில் அடிக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் பேச்சு போகவில்லை. தன் குரல் தனக்குக் கேட்காததால் எதையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். ரகசியம் என்ற ஒன்று எங்கள் வீட்டில் கிடையாது.

அவரிடம் நாங்கள் சொல்ல வேண்டியதை உள்ளங்கையில் விரலால் எழுதுவோம். ஒரு சொல் முடிந்தால் ஒரு தட்டு. நான் தாம்பரத்தில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட், விரல் சும்மா இருக்காது. "மெதுவா எழுது, இது டைப்ரைட்டர் இல்ல, என் கை!" என்று கத்துவார். எழுதுவதற்கு முன்னால் யார் வந்திருக்கிறோம் என்று தெரியப்படுத்த வேண்டும். அவர் புறங்கையை லேசாகத் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவரே கையை நீட்டித் தடவிப் பார்ப்பார். என் வளையலைத் தொட்டால் நான், கைக்கடிகாரத்தைத் தொட்டால் அவர் தம்பி. இதெல்லாம் தெரியாமல் பின்னால் போய்த் திடீரென்று தோளைப் பிடித்தால் கையில் என்ன இருக்கிறதோ அதாலேயே ஒரு அடி விழும். புது மருமகளாக எனக்கும் விழுந்தது. அன்றைக்கு அது கரண்டி.

சும்மா உட்காருகிற ஆள் இல்லை அண்ணி. கீரை ஆய்வார், புளி கரைப்பார், மீனைச் செதில் இல்லாமல் என்னைவிடச் சுத்தமாகக் கழுவுவார். தண்டவாளம் பக்கத்திலேயே இருந்ததால் ரயில் போகும்போது தரை அதிரும். அதைப் பாதத்தால் எண்ணிக்கொண்டு, "உன் வண்டிக்கு நேரமாச்சு, கிளம்பு" என்று என்னை விரட்டுவார். கண்ணும் காதும் நல்லாயிருந்த நான்தான் தினமும் ரயிலுக்கு ஓடினேன்.

குளியலறையும் கழிப்பறையும் கொல்லையின் கடைசியில் இருந்தன. அங்கே அவர் தனியாகப் போய்வருவதற்காகப் பின்வாசல் நிலையிலிருந்து கிணறு, துவைக்கிற கல் வழியாக இடுப்பு உயரத்தில் ஒரு தென்னங்கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிற்றுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நார் நாராகப் பிரிந்து, போகிற வருகிற புடவையை எல்லாம் இழுக்கும்.

என் கணவரின் அண்ணன், எங்கள் வீட்டு மூத்தவர், திருச்சியில் இருந்தார். வருஷா வருஷம் பொங்கலுக்கு வருவார். தங்கைமேல் உயிர், அதைவிட அதிகமாகப் பயம். ஒரு தடவை அண்ணியின் கையில் ஸ்டவ் பட்டுக் கொப்பளித்த செய்தி அவருக்குப் போனது. "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். திருச்சியில ஒரு ஹாஸ்டல் இருக்கு, பாத்துக்குவாங்க" என்று கடிதம் எழுதினார். என் கணவர் அதை அண்ணி கையில் எழுதிக் காட்டினார். அண்ணி கையை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் அது கதவைச் சாத்துவது மாதிரி. எனக்கு? உண்மையைச் சொன்னால், போனால் போகட்டும் என்று ஒரு மூலையில் தோன்றத்தான் செய்தது.

அடுத்து வந்த போகியன்று விடியற்காலையில் வீட்டிலிருந்த பழசைக் கழித்துக்கொண்டிருந்தேன். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கொல்லை வழியாக வரும்போது கயிறு என் புடவையைப் பிடித்து இழுத்து ஒரு முழம் கிழித்தது. வந்தது பார் கோபம். அரிவாள்மணையைக் கொண்டுவந்து கயிற்றை இரண்டு பக்கமும் அறுத்து, சுருட்டி, நெருப்பில் போட்டேன். மத்தியானமே புது நைலான் கயிறு வாங்கிக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். பண்டிகை வேலையில் அது தள்ளிப்போனது. அண்ணியின் கையில், "கயிறு அறுந்துவிட்டது. நான் அழைத்துப் போகிறேன்" என்று எழுதினேன். அண்ணி தலையாட்டினார்.

அன்றும் பொங்கலன்றும் அழைத்துப் போனேன். மாட்டுப் பொங்கல் காலையில் மூத்தவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய்ச் சட்டியோடு மல்லாடுகிறவளை எதற்குக் கூப்பிடுவது என்று நினைத்தாரோ என்னவோ, அண்ணி தனியாகவே போயிருக்கிறார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் உட்கார்ந்திருந்த மணை காலியாக இருந்தது. கொல்லையில் இல்லை. பக்கவாட்டுச் சந்தின் கதவு திறந்து கிடந்தது.

என் கணவர் ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ஓடினார், மூத்தவர் தண்டவாளத்துப் பக்கம் ஓடினார். நான் நடுத்தெருவில் நின்றேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தேடக்கூட முடியாது. அந்த நேரம் பார்த்துத் தரை அதிர ஒரு ரயில் போனது. அந்த மாதிரி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

கால் மணி நேரம் கழித்துத் தெருமுனையில் எங்கள் மீன்காரம்மா வந்தார், தலையில் கூடையோடு. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறவர். அவர் தோளைப் பிடித்தபடி ஒரு அடி பின்னால் அண்ணி. புடவையில் சேறு, முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"இன்னாம்மா, அக்காவ வுட்டுட்டு வூட்ல இன்னா பண்ணிகினு கீற?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார் மீன்காரம்மா. "கால்வா ஓரமா நின்னுகினு கீது. நாலு பேரு கைய புட்ச்சி இஸ்துகினு கீறானுங்க, அது எல்லாரையும் அட்ச்சிகினு கீது. நான் போயி ஒரு மீன எடுத்து அதும் கைல வச்சேன். மோந்து பாத்துச்சி. அப்பால என் தோள புட்ச்சிகினு வந்துட்ச்சி."

வாரத்தில் மூன்று நாள் அண்ணிக்கும் அவருக்கும் நடக்கிற வியாபாரம் அது. மீனைக் கையில் வைப்பார், அண்ணி செவுளைத் தொட்டுப் பார்த்து முகர்ந்து நல்லது கெட்டது சொல்வார். யாரும் கற்றுக்கொடுக்காமலே, எப்படித் தெரியப்படுத்த வேண்டும், யார் யாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் கைகளை என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இன்றைக்கும் மீன்கூடையோடு யாரைப் பார்த்தாலும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

மூத்தவர் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். "போதும். இனிமே இவ இஷ்டத்துக்கு விட முடியாது. நாளைக்கே என்கூட வரட்டும்" என்றார். அண்ணி அவர் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "என் தப்புதான். நான்தான் திசை மாறிப் போயிட்டேன். அவள ஒண்ணும் சொல்லாதே."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அண்ணி போயிருப்பார், பழியும் அவரோடு போயிருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, அவங்க தப்பு இல்ல. கயிறை நான்தான் போகி நெருப்புல போட்டேன். அறுந்துடுச்சுன்னு பொய் சொன்னேன். கயிறு இருந்த வரைக்கும் ஒரு நாளும் வழி தப்பினதில்ல. போறாங்களா இருக்காங்களான்னு அவங்களையே கேளுங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தங்கையின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிலேட்டில் எழுதுகிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக அவர் கையில் எழுதினார். எழுதியே பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

"இங்க எனக்கு எல்லா வழியும் தெரியும்" என்றார் அண்ணி. "கயிறு மட்டும் கட்டிக் குடு."

காணும் பொங்கலன்று கடைகள் பாதி மூடியிருந்தும், எங்கெங்கோ அலைந்து கயிறு வாங்கி வந்தவர் மூத்தவர்தான். நைலான் வழுக்கும் என்று அண்ணி சொன்னதால் தென்னங்கயிறு. அதைக் கட்டுவதற்கு முன்னால் அண்ணியின் கையில் நான் எழுதினேன்: "பழைய கயிற்றை எரித்தது நான்."

"தெரியும்" என்றார். "நார் கருகின வாசனை அன்னிக்கே வந்துச்சு. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

என் கோபத்தைத் தெரிந்துகொண்டே தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார். இப்படி ஒருவரையா போனால் போகட்டும் என்று நினைத்தேன்! அவர் மடியில் முகத்தைப் புதைத்து அழுதேன். எதற்காக முதுகு குலுங்குகிறது என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார்.

பழைய கயிற்றில் முடிச்சுகள் இருந்ததையே நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான்கு வருஷம் அதில் புடவை மாட்டித் திட்டியிருக்கிறேன், ஒரு முடிச்சைப் பார்த்ததில்லை. புதுக் கயிற்றைப் பிடித்தபடி அண்ணி அடி அடியாக நடந்து தானே போட்டார். கிணற்றுக்கு நேரே ஒன்று. குளியலறைக்கு இரண்டு. கழிப்பறைக்கு மூன்று. திரும்பி வரும் வழியில் துவைக்கிற கல்லுக்கு எதிரே நின்று, சின்னதாக இன்னொன்று.

"இது எதுக்கு?" என்று எழுதினேன். கல்லில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. துணி துவைப்பவள் நான்.

தினமும் காலையில் அந்த வழியாகப் போகும்போது அவர் கை என் தோளில் பட்டுவிட்டுப் போகும். இடம் குறுகல், தவறிப் படுகிறது என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"நீ உக்கார்ற இடம்" என்றார் அண்ணி. "பழையதுலயும் இருந்துச்சு."