வின்ச் கிரீஸ்

லம்பா லைன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் என் பேரன் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஆட உட்கார்ந்தான். டயர் காற்று, பிரேக், ஸ்பிரிங் எல்லாம் முதலில் அவனே தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

"ருக்கோ தாத்தா, கொஞ்சம் இரு, செட்டப் தப்பானா வண்டி நகராது" என்றான்.

எனக்கா தெரியாது? மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, இன்று ஆறு லாரிக்கு முதலாளி நான்.

சின்ன வயதில், துறைமுகத்துப் பக்கம் ஹேடோ இறக்கத்தில் எங்களுக்குப் பேரிங் வண்டிப் பந்தயம். பலகைக்கு அடியில் நாலு பழைய பேரிங், அவ்வளவுதான் வண்டி. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டால் கரகரவென்று பறக்கும். அதைக் கண்டுபிடித்தவனே நான்தான். என்னை முந்த ஆளில்லை.

பந்தயத்தன்று காலையில், துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டும் என் அப்பா, வாயில் பீடியோடு குனிந்து, என் பேரிங்குகளில் வின்ச்சுக்குப் போடும் கெட்டி கிரீஸை அடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவே கை வைக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

வண்டி ஊர்ந்தது. அப்பாவை வேலை வாங்கும் மேஸ்திரியின் மகன் ஜெயித்தான். முதலில் கைதட்டியவர் அப்பா.

"கிரீஸ் அடைச்சா ஓடாதுன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்டா. அவர் புள்ள தோத்தா, நாளைக்கு அவர் மூஞ்சில நான்ல முழிக்கணும்?"

அந்த மேஸ்திரி மகன் இப்போது என் லாரி ஷெட்டில் வாட்ச்மேன். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. தீபாவளிக்கு முதல் வேட்டி அவனுக்குத்தான். அப்பா படத்துக்கு மாலை போடுவதை மட்டும் என் மனைவியிடம் விட்டுவிட்டேன்.