இருமச் சொன்ன சிஸ்டர்

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி. அதன் நெஞ்சு அறுவை வார்டில் ஜெயசீலி தலைமை நர்ஸ். விலா எலும்பு முறிந்து வருகிறவர்கள் கத்தியைவிட அவளுக்குத்தான் அதிகம் பயந்தார்கள். உடைந்த விலாவுக்கு மாவுக்கட்டு கிடையாது. மூச்சை ஆழமாக இழுத்து, இருமிச் சளியைத் துப்ப வேண்டும். வலிக்கிறதென்று அடக்கினால் நுரையீரலில் சளி கட்டி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். இதைச் சொல்லிச் சொல்லியே அவள் தலை நரைத்தது. புதிதாக வந்த நர்ஸ் ஹெப்சி, "கொஞ்சம் இருமுங்கண்ணா, ப்ளீஸ்" என்று குழைவது அவளுக்கு ஆகவே ஆகாது.

"கெஞ்சினா கெட்டுப்போய்டுவாங்க. கண்டிஷனா சொல்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஸ்கூட்டியில் போனாள். முன்னால் தோல் தொழிற்சாலைக்குப் போன மினி லாரியிலிருந்து, உப்புத் தடவிய மாட்டுத்தோல் ஒன்று நழுவி ரோட்டில் விழுந்தது. வண்டி அதன்மேல் ஏறி வழுக்க, ஹேண்டில்பார் இடது நெஞ்சில் குத்தியது. மூன்று விலா எலும்புகள் முறிந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துகொண்டது. சாயங்காலம் அவள் தன் வார்டிலேயே ஒரு கட்டிலில் படுத்திருந்தாள். நெஞ்சுக் காற்றை வெளியேற்ற விலாவில் செருகிய குழாய், தரையிலிருந்த தண்ணீர் பாட்டிலில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

காலையில் ஹெப்சி ஒரு தலையணையோடு வந்தாள். "இத மார்ல அணைச்சிக்கிட்டு இருமுங்க சிஸ்டர்."

ஜெயசீலி தொண்டையைச் செருமிக் காட்டினாள். எத்தனையோ நோயாளிகள் அவளிடம் காட்டி மாட்டிக்கொண்ட அதே வித்தை.

"இது இருமலே இல்ல."

"அப்புறமா பாக்கலாம் ஹெப்சி."

மறுநாள் காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு நிழல். ஹெப்சி வலிக்கு ஊசி போட்டு, அது வேலை செய்யும்வரை காத்திருந்து, மறுபடி தலையணையை நீட்டி, "ம், இருமுங்க" என்றாள் கண்டிப்பாக.

"கொஞ்சம் ஆசையாத்தான் சொல்லேன்டி."

"ஆசையா சொன்னா நீங்க கெட்டுப்போய்டுவீங்க சிஸ்டர்."

ஜெயசீலிக்கு ஆத்திரம் பொங்கியது. அவளைத் திட்ட வாயைத் திறந்தாள். திட்டு வருவதற்குள் இருமல் முந்திக்கொண்டது. கண்ணில் நீர் தெறிக்க, கட்டிக்கிடந்த சளி வெளியே வந்தது. அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் இறங்கியது, நுரையீரல் விரிந்தது, குழாயை எடுத்தார்கள்.

லீவு முடிந்து வேலைக்கு வந்தபோது விலாவில் வலி மிச்சமிருந்தது. இப்போது வலிக்கு மருந்து கொடுக்காமல் யாரையும் அவள் இருமச் சொல்வதில்லை. சொல்வதோடு நிற்காமல், தலையணையைக் கட்டிக்கொண்டு தானே இருமியும் காட்டுவாள். தோல் பதனிடும் ஷாப்பில் சுழலும் டிரம் இடித்து விலா உடைந்து வந்திருந்த கலீமுல்லா, கோணிப்போன அவள் முகத்தைப் பார்த்துப் பதறினார்.

"போதும் சிஸ்டர், பேஜாரா இருக்குது பாக்க. நானே இருமிடறேன்."