பெர்னார்டின் முதுகில் ஏறிய காற்று மெசின்

அங்சானா மரத்தை நட்டவன் எவனும் விளக்குமாறு பிடித்திருக்க மாட்டான் என்பது பெர்னார்டின் தீராத மனக்குறை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த மாதா கோயில் வளாகத்தில் அப்படி நான்கு மரங்கள். இலையும் மஞ்சள் பூவும் கொட்டோ கொட்டென்று கொட்டும். கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, மணி அடிப்பது எல்லாம் பெர்னார்ட்தான். கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையும் அந்த வேலையோடு வந்தது. மனைவி பிலோமினம்மாளோடு குடித்தனம் தொடங்கியதும் அங்கேதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருஷம் அவருடைய வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மனுஷன் வாயைத் திறந்து சொன்னாரா? மூச்சுவிடவில்லை. கட்டினவளுக்குத் தெரியாமல் போகுமா? காலையில் அவர் மணியடிக்கப் போகிற நேரம் பார்த்து, மாதா சிலை வைத்த குகை போன்ற கெபிப் பக்கம் முழுவதையும் அவளே பெருக்கி வைத்துவிடுவாள். புழுதி பட்டால் அவளுக்கு இழுப்பு வரும். ஆனாலும் பெருக்குவாள். அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. நல்ல ஜோடி!

கோயில் கமிட்டிச் செயலாளர் இராஜசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் நேராகத்தான் கேட்பார். "பெர்னார்ட், உமக்கு இனி ஏலாது எண்டு தெரியுது. கொன்ட்ராக்ட்காரரைப் பிடிப்பம் எண்டு கமிட்டியில கதைக்கினம்" என்றார் ஒருநாள். கொன்ட்ராக்ட் வந்தால் வேலை போகும், வேலை போனால் அறையும் போகும். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைத் தோட்டத்தில் ஒருவன் மெசினை முதுகில் மாட்டிக்கொண்டு இலையை ஊதித் தள்ளுவதை அவர் பார்த்திருந்தார். அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தால் ஒற்றை ஆளாகச் சமாளிப்பேன் என்று கேட்டார். சாமியார் நற்கருணை அப்பத்தை ஏந்தி வளாகத்தைச் சுற்றி வரும் நற்கருணைப் பவனி வரைக்கும் பார்க்கலாம் என்று இராஜசிங்கம் ஒத்துக்கொண்டார்.

ஜாலான் புசார் கடைக்குப் பிலோமினம்மாளும் கூடவே போனாள். தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய காய்கறிப் பை கையில் இருந்தது. கடைச் சீனர் இரண்டு மெசின்களைக் காட்டினார். ஒன்று கையில் பிடிப்பது, கரண்டில் ஓடுவது, பூ மாதிரி லேசு. ஆனால் அதன் ஒயர் கெபி வரைக்குமே எட்டாது, மழை பெய்தால் ஈரத் தரையில் இழுக்கவும் பயம். மற்றது பெட்ரோலில் ஓடுவது, முதுகில் மாட்டுவது. பெர்னார்ட் அதை மாட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை போல நின்றார். பிலோமினம்மாள் மசியவில்லை. இப்போது டாங்கி காலி, பெட்ரோல் ஊற்றினால் கனக்காதா என்று கேட்டு, காய்கறிப் பையைத் தூக்கி மெசினில் மாட்டினாள். வெங்காயமும் பூசணியும் முதுகில் தொங்க, அவர் கடை வாசலிலிருந்த ஐந்தடி நடைபாதையில் போய்த் திரும்பினார். சீனர் சிரித்துக்கொண்டே இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டார். கனம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. அதற்குப் பிறகுதான் அம்மையார் சரி என்றாள்.

புது வண்டியானாலும் புதுத் தையல் மெசினானாலும் சாமியாரிடம் மந்திரிக்காமல் தொடுவார்களா நம் ஆட்கள்? சாமியார் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். அது பிளக்கில் இறங்கி, மெசின் அன்றைக்கு முழுவதும் கிளம்பவே இல்லை. மறுநாள் காய்ந்ததும் உறுமியது. ஈர இலை தரையோடு ஒட்டிக்கொள்ளும், வெயில் ஏறினபிறகுதான் ஊத வேண்டும். சுவரோரத்தில் தொடங்கிக் காற்று போகிற பக்கமே போக வேண்டும். பூசை நேரத்தில் தொடவே கூடாது. எல்லாம் போகப் போகப் பிடிபட்டது. விளக்குமாறு மூலைக்குப் போனது.

பவனி நாள் வந்தது. காலையில் அங்சானா பூத்துக் கொட்டியிருந்தது. பெர்னார்ட் எல்லாவற்றையும் கெபிக்குப் பின்னால் குமித்துவிட்டு, மதியம் பெட்ரோலில் எண்ணெய் கலக்கப் போனார். திரும்பி வந்தால் பாதை நெடுக மறுபடியும் மஞ்சள்! இந்த மரத்துக்கு வெட்கமே இல்லையா என்று திட்டிக்கொண்டே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, வேகத்தைக் கூட்டினார். ஒரே மூச்சில் அத்தனையும் பறந்து பாதையோரத்து லோங்காங் சாக்கடைத் தண்ணீரில் விழுந்து போயிற்று.

முதுகில் யாரோ தட்டினார்கள். திரும்பினார். பிலோமினம்மாள் வெறும் தட்டோடு நின்றாள். நற்கருணை வருகிற வழிக்கென்று சபைப் பெண்கள் உட்கார்ந்து உதிர்த்துப் போட்ட சாமந்தி இதழ்களைத்தான் அவர் ஊதித் தள்ளியிருந்தார். வாசலில் இராஜசிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்னார்ட் மெசினை அணைத்தார். போச்சு, எல்லாம் போச்சு.

அவள் திட்டவில்லை. "காலையில குமிச்ச பூவ குப்ப லாரி எடுத்துட்டுப் போயிருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

போகவில்லை. பெர்னார்ட் ஓடினார். இந்த முறை மெசினை மெல்ல உறுமவிட்டு, வாத்துக் கூட்டத்தை ஓட்டுவது போல அங்சானாப் பூவை ஓட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் இலையைப் பொறுக்கித் தள்ளினார்கள். கோயில் வாசலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது உள்ளே ஜெபமாலை தொடங்கிவிட்டது. மெசினை அணைக்க வேண்டியதாயிற்று. பிலோமினம்மாள் மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்து வந்து, மிச்சப் பூவை ஒதுக்கிப் பரப்பினாள். சாமியார் நற்கருணையை ஏந்தி அந்த மஞ்சளின் மேல் நடந்து போனார்.

பவனி முடிந்ததும் இராஜசிங்கம் வந்தார். "முந்திப் போட்ட பூவிலும் இது வடிவு. வாற வருசமும் நீர்தான் போட வேணும்" என்றார்.

"நான் மட்டும் இல்ல சார், அவளுந்தான். மெசின் வர்றதுக்கு முந்தியே கெபிப் பக்கம் பூரா அவதான் கூட்டினா."

பிலோமினம்மாள் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். இராஜசிங்கம் போனபிறகு, "உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாமலா மெசின் கேட்டேன்? ஒன் இழுப்பு எனக்குக் கேக்காதா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் காதில் இன்னும் அடைத்திருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.