குறை வைக்காத பன்னிரண்டு சட்டைகள்

சண்டை இல்லாத காலத்துப் பட்டாளத்தைப் பற்றிய படங்கள் எனக்குப் பிடிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தையல் மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். பல படங்களின் மொழி எனக்குத் தெரியாது. கீழே ஓடும் எழுத்து இங்கிலீஷ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கதை புரிந்துவிடும். ஏதோ ஒரு குளிர்ந்த ஊரில் ஒரு முகாம் இருக்கும். எதிரி வரமாட்டான். அதிகாரி நாற்காலியில் தூங்குவார். சிப்பாய்கள் டீசலை விற்பார்கள், கம்பளியை விற்பார்கள், செத்துப்போன கழுதையின் பெயரில் தீவனம் வாங்குவார்கள். சிரித்துக்கொண்டே பார்ப்பேன். கடைசியில் யாராவது ஒருவன் செத்துக் கிடப்பான். எந்த இடத்தில் சிரிப்பு நின்றது என்று யோசித்தால் பிடிபடாது.

அந்தச் சிப்பாய்களின் முகம் எனக்குப் பழக்கமானது. தாராவியில் எங்கள் சந்தில், ஆர்டர் வராத வாரங்களில் ஆட்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

என் பட்டறை மாடியில், மூன்று மெஷின் போட்ட ஒரே அறை. சினிமாவுக்கும் நாடகத்துக்கும் போலீஸ் உடை, பட்டாள உடை தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. நிஜ உடையைப் போலத் தைப்போம், ஆனால் ஒரே ஒரு இடத்தில் தவறாகத் தைப்போம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் குறை. ஒருவர் தோள்பட்டியைத் தலைகீழாக வைப்பார். இன்னொருவர் கழுத்தில் ஒரு பட்டன் அதிகம் வைப்பார். என் குறை இடது சட்டைப்பையில். அந்தப் பை மூடியின் காஜா, அதாவது பட்டன் நுழையும் துளை, நிஜச் சட்டையில் நின்ற வாக்கில் இருக்கும். நான் படுத்த வாக்கில் வெட்டுவேன். படத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு எவனாவது அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்காவது போய் நின்றால், தொட்டுப் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். யாரும் சட்டம் போட்டுச் செய்தது இல்லை. எங்கள் பயத்துக்கு நாங்களே போட்டுக்கொண்ட முடிச்சு. எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். என் பெயரைக் கேட்ட பிறகு எந்த விசாரணையும் ஒரே கேள்வியோடு முடிவதில்லை.

போன மழைக்கு முந்தின மழையில் ஒரு டைரக்டர் வந்தார். மாதுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், முப்பது வயது இருக்கும். தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். சண்டை இல்லாத பட்டாளத்தைப் பற்றி ஒரு படம் எடுக்கப்போவதாகச் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நான் பார்த்த படங்களைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். வாய் வரவில்லை.

அவரே கதை சொன்னார். மலைமேல் ஒரு ஸ்டோர் முகாம். சிப்பாய்கள் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் விற்கிறார்கள். விற்க ஒன்றும் மிச்சம் இல்லாதபோது பழைய யூனிபாரத்தை விற்கிறார்கள். வாங்கியது யார் என்று கேட்கவில்லை. ஒரு விடியற்காலை அந்த யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு சில பேர் வாசலுக்கு வருகிறார்கள். காவல்காரன் சல்யூட் அடித்துக் கதவைத் திறக்கிறான்.

"அதோட படம் முடிஞ்சுடும் மாஸ்டர்," என்றார். "உள்ள என்ன ஆச்சுன்னு காட்டவே மாட்டேன்."

மாதிரிக்கு ஒரு நிஜச் சட்டை கொண்டுவந்திருந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற உறவினருடையதாம். நான் குறையைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் மாஸ்டர். குளோசப் நிறைய இருக்கு. ஜனங்க சிரிக்கணும்னா துணி சிரிக்கப்படாது. அச்சு அசல் தைச்சுக் குடுங்கோ."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் வேண்டும். அவர் இரண்டு நிமிடம்தான் நின்றார். பன்னிரண்டு சட்டைகளுக்கும் இடது காஜாவை நின்ற வாக்கில் வெட்டினேன். முதல் காஜா வெட்டும்போது கத்தரி முனை துணியில் இறங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

போகும்போது அவர் இன்னொன்றும் கேட்டார். "வேலை பண்ணாமயே களைச்சுப்போன மூஞ்சியா ஒருத்தர் வேணும். உங்க ஏரியால இருக்காளா?"

ஜன்னல் வழியாகக் கீழே கைகாட்டினேன். தண்ணீர்க் குழாய் திண்டில் எங்கள் சந்து ஆள் ஒருவன் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். வீட்டு புரோக்கர் வேலை, தண்ணீர் டாங்கர் வேலை என்று எதிலும் நிலைக்காதவன். டைரக்டர் அவனை ஒரு முறை பார்த்தார். ஸ்டோர் ஹவில்தார் வேடம் அவனுக்கு என்றார்.

டிராம்பேயில் மூடிக் கிடந்த ஒரு குடோனில் படப்பிடிப்பு. நான்காம் நாள் அளவு திருத்த வரச் சொன்னார்கள். செம்பூரில் பஸ் மாறிப் போனேன். மழை விடவில்லை. தூரத்தில் எண்ணெய் ஆலையின் தீ மழையிலும் எரிந்துகொண்டிருந்தது. குடோனுக்குள் டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஹீரோ நான்கு நாளாக வரவில்லையாம். சட்டை போட்ட பன்னிரண்டு பேரும் காலையில் உடுத்தி, மாலையில் கழற்றி, சும்மா இருந்திருக்கிறார்கள்.

"எங்க எல்லாரும்?" என்று கேட்டேன்.

"ரோட்டுல," என்றார், நிமிராமல்.

ரோட்டில் ஒரு டீக்கடைக் கூரையின் கீழ் நின்றார்கள். எங்கள் சந்து ஆள் நடுவில் நின்றான். என்னைப் பார்த்ததும் விறைப்பாகச் சல்யூட் அடித்தான்.

"பாய், உங்க சட்டைய போட்டதுல இருந்து டீக்காரன் காசு கேக்க மாட்டேங்கான்," என்றான். "நேத்து எம் பொண்டாட்டிக்கு போட்டோ அனுப்பினேன். வாங்க போங்கன்னு பேசுதா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது ஒரு டெம்போ வந்தது. அவன் சாதாரணமாக ரோட்டில் இறங்கிக் கையை உயர்த்தினான். டெம்போ நின்றது. அவன் ஒன்றும் பேசவில்லை. பின்பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். டிரைவர் இறங்கி மழையில் கைகூப்பி, ஏழை ஐயா என்று இந்தியில் கெஞ்சினார்.

"சாப், கரீப் ஆத்மி ஹூம்."

ஒரு மூட்டை வெங்காயத்தை இறக்கி வைத்துவிட்டு டெம்போ போனது.

"கேக்கவே இல்ல பாய், அவனா தாரான்," என்றான். மற்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. டைரக்டரிடம் சொல்ல வேண்டும் என்று குடோனுக்குத் திரும்பினேன். அவர் போனில் ஹீரோவின் ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் நின்றேன். அளவு திருத்தினேன். சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

படப்பிடிப்பு முடிந்ததும் கையில் தைத்த பதவிப் பட்டைகளைப் பிரித்தெடுக்கச் சட்டைகள் என்னிடம் வந்தன. எண்ணினேன். பதினொன்று. மூட்டையை உதறி மறுபடி எண்ணினேன்.

டைரக்டருக்குப் போன் செய்தேன். "ஒரு சட்டைதானே மாஸ்டர், விடுங்கோ," என்றார். சந்து ஆளைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும் பாய்? பன்னெண்டு பேரு போட்டிருந்தோம்," என்றான்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் குறையும் வைக்காமயா தச்சிய?"

"அவரு வேண்டாம்னாரு."

"அவருக்கென்ன, அவரு பேரு வேற," என்றாள். பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள், "அந்தச் சட்டைய போட்டு எவனாவது எதையாவது செஞ்சா, தச்சது யாருன்னு தான முதல்ல கேப்பாவ. உங்க பேரக் கேட்ட பொறவு டைரக்டர் சொன்னாரு, சினிமாக்குத் தச்சேன்னா யாரு நம்புவா? ஸ்டேஷன்ல போய் இப்பமே சொல்லிருங்க."

நாளைக்குப் போகிறேன் என்றேன். அந்த நாளை ஒரு வருடம் நீண்டது.

அந்த வருடம் முழுவதும் ரயிலில், ரோட்டில், பட்டாளக்காரர் யாரைப் பார்த்தாலும் என் கண் இடது பைக்குத்தான் போகும். சரியாக இருந்தால் பயப்பட வேண்டுமா, நிம்மதிப்பட வேண்டுமா என்று தெரியாது. எல்லாமே சரியாகத்தான் இருந்தன. காலையில் டீக்கடையில் செய்தி ஓடினால் முடியும் வரை நின்று கேட்பேன்.

படம் வெளிவந்தது. நானும் அவளும் போய்ப் பார்த்தோம். தியேட்டரில் பாதிதான் கூட்டம், ஆனால் நன்றாகச் சிரித்தார்கள். எங்கள் சந்து ஆள் செத்துப்போன கழுதை ஒன்றின் பெயரைப் பதிவேட்டில் வாசிக்கும் இடத்தில் ஒருவர் இருமும் அளவுக்குச் சிரித்தார். கடைசிக் காட்சியில் விடியல் வெளிச்சத்தில் யூனிபாரம் போட்டவர்கள் நடந்து வந்தார்கள். காவல்காரன் சல்யூட் அடித்தான். கதவு திறந்தது. தியேட்டர் அமைதியானது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்தோம்.

அடுத்த வாரம் காலை பத்து மணி இருக்கும். துணி வாங்கப் போகும்போது செம்பூர் அருகே பஸ் நின்றது. ஜன்னல் வழியாக ஒரு லாரி தெரிந்தது. லாரி டிரைவரின் காகிதங்களை ஒரு பட்டாளக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சந்து ஆளின் மீசையைக் கண்டதும் பஸ்ஸை விட்டு இறங்கினேன். என் கால் எப்படி இறங்கியது என்று எனக்கே தெரியவில்லை.

லாரி போகும் வரை நின்றேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வெட்கமோ பயமோ அந்த முகத்தில் இல்லை.

"படம் பாத்தியளா பாய்? எப்படி இருக்கு?"

அதட்டினால் ஓடிவிடுவான். அதட்டவும் எனக்கு வராது. தெரிந்ததைச் சொன்னேன்.

"காலர் ஏறி நிக்கு தம்பி. பாக்கவே நல்லால்ல. பட்டறைக்கு வா, அஞ்சு நிமிசத்துல இறக்கித் தாரேன்."

அவன் ரோட்டோரக் கடையின் கண்ணாடியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். மதியமே வந்தான். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்து கால் ஆட்டினான்.

சட்டையை மடியில் வைத்ததும் ஒரு வருடப் பாரம் இறங்கியது போல இருந்தது. திருப்பிக் கொடுப்பதில்லை, அவன் கண் முன்னாலேயே வெட்டிவிடுவது என்று பெரிய கத்தரியை எடுத்தேன். வெட்டுவதற்காக உள்பக்கம் திருப்பினேன்.

பக்கத் தையலில் ஓவர்லாக் ஓடியிருந்தது, துணி ஓரம் பிரியாமல் மெஷின் போடும் பின்னல்.

நான் துணி ஓரத்தை இரண்டு முறை மடித்துத் தைப்பவன். என்னிடம் ஓவர்லாக் மெஷினே கிடையாது. இடது பையைப் பார்த்தேன். காஜா நின்ற வாக்கில் இருந்தது. என் அளவு, என் வெட்டு, கழுத்துக்கு நான் கொடுக்கும் அதே வளைவு. ஆனால் இது என் தையல் இல்லை.

"இது நான் தச்ச சட்டை இல்லியே," என்றேன்.

"உங்க சட்டைய அப்பமே குடுத்தாச்சே பாய்."

"யாருக்கு?"

"ரோட்டுல பாத்துக் கேட்டாவ. நல்ல மனுசங்க. மாதிரிக்கு வேணும்னாவ. பொறவு எனக்கு இதைத் தந்தாவ, சும்மா." அவன் கால் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"மொத்தம் எத்தனை தச்சாவ?"

"அத நான் கேக்கல."

கத்தரியைக் கீழே வைத்தேன். சட்டையை மடித்துப் பைக்குள் போட்டேன். அவன் என்னவோ சொல்லிக்கொண்டே எழுந்தான். நான் படியிறங்கிவிட்டேன். கீழே நின்ற வீட்டுக்காரி என் முகத்தையும் பையையும் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு காவலர் மறித்தார். என்ன விஷயம் என்றார். யூனிபாரம் பற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். இந்தியில் அதைச் சொல்ல என் வாய் மூன்று முறை தடுக்கியது. அப்போதும் என் கண் அவருடைய இடது பையில்தான் இருந்தது. அவர் உள்ளே கூட்டிப்போய் நோட்டைத் திறந்து, முதலில் பெயர் என்றார்.

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் இருந்த கதவைச் சாத்தச் சொன்னார்.