ஜூராகானின் வெளுப்பு

ஓரகத்தி வீட்டுக் கொடியைத் தாண்டும்போதெல்லாம் ஜூராகான் நின்றுவிடுவாள். காய்கிற விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் நெருடி, மூக்கருகே கொண்டுபோவாள். "மெஷின் நல்லாத்தான் சுத்துது. அழுக்கும் கூடவே சுத்துது போல" என்பாள், உள்ளே இருக்கும் பெர்மெத்துக்குக் கேட்கும்படி.

ஜூராகான் மூத்த மருமகள். பெர்மெத் இளையவள்; கடைசி மகனோடுதான் பெற்றவர்கள் இருப்பது எங்கள் ஊர் வழக்கம், அதனால் மாமியாரோடு பெரிய வீட்டில் இருப்பவள்.

துவைக்கிற மெஷின் வராத அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் போதும், பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு ஜூராகான் கையாலேயே நடித்துக் காட்டுவாள். முந்தின நாளே சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்தது, வரிப்பலகையில் தேய்த்துத் தேய்த்து விரல்முட்டி உரிந்தது, நாரின் என்கிற எங்கள் ஆற்றின் பனிக்கட்டியை உடைத்து அலசியது, விறைத்துப்போன கால்சட்டையை ஓர் ஆளைப்போல அணைத்து வீட்டுக்குள் தூக்கிவந்தது. "உறைஞ்ச துணியோட வாசனை உனக்குத் தெரியாதுடி, பாவம்." எனக்கே பொறாமையாக இருக்கும்.

ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். "இவ்வளவு பாடுபட்டேனே, கிழவி ஒரு வார்த்தை சொன்னாளா? 'பெர்மெத் துணியப் பாரு, பால் மாதிரி இருக்கு.' முப்பது வருஷம்டி. இதே பேச்சு."

போன வாரம் பேத்தி கல்யாணத்துக்காக மாமியார், விசேஷங்களுக்குத் தலையில் சுற்றிக்கட்டும் தன் வெள்ளைத் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். ஏழு மீட்டர், முழுக்க மஞ்சளேறிக் கிடந்தது. "மெஷின்ல போட்றாத. ஜூராகான்கிட்ட குடு" என்றாளாம். பெர்மெத்தே கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜூராகான் வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் சாம்பல் தெளிவில் ஊறல், பிறகு கருப்புச் சோப்பு, கடைசி அலசலில் ஒரு சிட்டிகை நீலம். மூன்றாம் நாள் காலை முற்றத்தில் ஈரத்தோடு தூக்கிப் பிடித்தாள். உண்மையாகவே எனக்குக் கண் கூசியது.

முடிந்ததா என்று பார்க்க வந்த பெர்மெத் அப்படியே நின்றாள். "எனக்கு ஒரு நாளும் இப்படி வந்ததில்லக்கா. அத்தை என்னைக் குத்துறதே இதச் சொல்லித்தான். 'ஜூராகான் துணியப் பாரு, பனி மாதிரி இருக்கு.'"

"உங்கிட்டயா சொன்னா?"

"ஒவ்வொரு துவைப்புக்கும்."

"அந்தக் கிழவி..." என்று ஆரம்பித்த ஜூராகான் ஈரத்துணியை நீளமாகப் பிரித்தாள். துணியின் ஒரு முனையைப் பெர்மெத் கையில் திணித்துவிட்டு, மறுமுனையோடு பின்னால் நகர்ந்தாள். இருவரும் எதிரெதிராக முறுக்கினார்கள். சொட்டுவது நின்றதும் பெர்மெத் நிறுத்திக்கொண்டாள்.

ஜூராகான் இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள்.