கனடாப் பெரியப்பாவின் பற்றை வளவு

சோளகக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் தீவுத் துறைமுக ஊரான ஊர்காவற்றுறையில் சோறு தின்றால் பல்லுக்குள் மணல் நறநறக்கும். தலைமயிர் உப்புப் பிசுபிசுப்பில் சீப்புக்கு அடங்காது. ஆனால் எங்கள் மிளகாய்த் தோட்டத்தை ஒட்டிப் புதர் மண்டிக் கிடந்த காணியான "பத்தை வளவு"க்குள் நுழைந்துவிட்டால் காற்று வெளியே நின்றுவிடும். வேம்பும் நாவலும் பூவரசும் நெருக்கியடித்து நின்ற அந்த நிழலுக்குள் செண்பகம் கூப்பிடும், உடும்பு ஓடும், படகுக்குக் காத்திருப்பவர்கள் துவாயை விரித்துப் படுத்திருப்பார்கள், நாங்கள் அவர்கள் தலைக்கு மேல் கொப்புகளில் தொங்குவோம். பக்கத்து ஆஸ்பத்திரி ஊழியர்கள்கூட "ஏசிக்குப் போயிட்டு வாறம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பொதியுடன் அங்கேதான் வருவார்கள்.

அந்தக் காட்டை யாரும் நடவில்லை. காணி, அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணனான எங்கள் கனடாப் பெரியப்பாவுடையது. இளம் வயதில் தெற்கே காலி நகரத்தில் ஒரு கடைக்கு வேலைக்குப் போன அவர், ஊருக்குத் திரும்பாமல் அங்கிருந்தே வெளிநாடு போய்விட்டார். அவர் போனபோது அது வெறும் புகையிலைத் தோட்டம். பிறகு சண்டையில் ஊரே இடம்பெயர்ந்திருந்த வருடங்களில், தட்டிக் கேட்க ஆளில்லாத தைரியத்தில் மரங்கள் தாமாகக் குடியேறிவிட்டன.

காணியைப் பார்த்துக்கொண்ட அப்பாவுக்குப் பெரியப்பா தொலைபேசியில் உத்தரவு போட்டார். "முழுக்க வெட்டித் துப்பரவாக்கு. கலியாண மண்டபம் கட்டப்போறன்." அப்பாவுக்கோ அண்ணைமாருக்கு "ஏலாது" என்று சொல்லிப் பழக்கமில்லை. "ஓம் அண்ணை" என்று வைத்துவிட்டு அம்மாவிடம் புலம்பினார். "அந்தப் பத்தை போனால் உப்புக்காத்து நேரை வந்து என்ரை மிளகாய்க் கண்டுகளைக் கருக்கிப்போடும்."

வெட்டிய காணியை வீடியோவில் காட்டும்படி பெரியப்பா நச்சரிக்கத் தொடங்கியதும், அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார். நான் தொலைபேசியைப் பிடித்தேன். அப்பா நடுவில் நின்று கையை விரித்தார்.

"பாருங்கோ அண்ணை, ஒரு தடியும் இல்லை."

"உது என்ன கம்பம்?" பந்தடிக்கும் கோல் கம்பம் பெரியப்பாவின் கண்ணில் பட்டுவிட்டது.

"மண்டபத்து வாசலுக்கு அளந்து நட்டது அண்ணை."

"எங்கட வளவு இவ்வளவு பெரிசே!" என்று பெரியப்பா பூரித்துப்போனார்.

அந்தப் பூரிப்புத்தான் வினையாயிற்று. ஓர் ஆடி மாதத்து நடுப்பகலில் அளவு நாடாவுடன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார். ஊர் அடையாளம் தெரியாமல் மாறியிருந்ததால் அவருக்கு வழி பிடிபடவில்லை; அப்பா அவரைக் காணிக்குக் கூட்டிப்போகாமல் அந்த ஒழுங்கை, இந்த ஒழுங்கை என்று வெயிலில் இழுத்துத் திரிந்தார். கடைசியில் பெரியப்பா முகம் சிவந்து, "எனக்கு ஏலாதடா" என்று தெருவிலேயே குந்திவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. கையைப் பிடித்துப் பற்றைக்குள் கூட்டிப்போனேன்.

நாவலின் கீழ் படுத்தவர் குறட்டை விட்டுத் தூங்கினார். எழும்பியதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்:

"இது ஆரின்ரை காணியடா? குடுத்து வைச்ச மனுசன்."

அப்பா மண்ணைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "உங்கடதான் பெரியப்பா."

"அப்ப நான் வீடியோவிலை பாத்தது?"

"பள்ளிக்கூட மைதானம் அண்ணை."

அப்பாவின் பொய்யைவிட, வளவு சின்னதாகிப் போனதுதான் பெரியப்பாவுக்குக் கவலை. ஆனாலும் விடுமுறை முழுவதும் அங்கேயே பாய் போட்டுப் படுத்தார். போகும்போது, "ஒரு கொப்பும் வெட்டப்படாது" என்று புது உத்தரவு போட்டார்.

இப்போது பெரியப்பா இல்லை. போன வாரம் அவருடைய மகன் கனடாவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, வானத்திலையிருந்து எடுத்த செய்மதிப் படத்திலை ஊரைப் பாத்தனான். அந்தப் பக்கம் முழுக்க மண்ணிறமாக் கிடக்கு. ஒரு பச்சைப் பொட்டு மட்டும் தெரியுது. அதுவோ எங்கட காணி?"

"ஓம் தம்பி" என்றேன். என் சின்ன வயதில் அந்த ஒழுங்கை நெடுக இப்படி எத்தனையோ பச்சை வளவுகள் இருந்தன. இன்று சீமெந்து முற்றங்களும் பூட்டிய மதில்களும்தான். அந்த வளவுகளின் சொந்தக்காரர்களும் வெளிநாட்டிலிருந்து வெட்டச் சொன்னவர்கள்தான். ஆனால் அவற்றைப் பார்த்துக்கொண்ட தம்பிமார் எல்லோரும் நேர்மையானவர்கள்.