செக்யூரிட்டியின் ரவுண்ட்ஸ்

ஒரகடத்தில் நான் நர்ஸாக இருந்த கம்பெனியில், கேட்டில் நின்ற செக்யூரிட்டிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். முறுக்கிய வெள்ளை மீசை, தோளை விட்டு இறங்கும் யூனிஃபார்ம். அரை மணிக்கு ஒருமுறை நோட்டில் ‘ரவுண்ட்ஸ்’ என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார். இவரைப் போல் சுற்றி வருகிறவர் யாருமில்லை என்று பாராட்டி, சூப்பர்வைசர் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்.

அந்த ரவுண்ட்ஸ் எங்கே முடிகிறது என்பது என் முதலுதவி அறை ஜன்னலுக்குத் தெரியும். கேன்டீனுக்குப் பின்னால், கழிவறையில்.

"ஐயா, போனா முழுசா வருதா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

மீசையைத் தடவினார். "சொட்டு சொட்டாத்தாம்மா வருது. போயிட்டு வந்தாலும் உள்ள நிக்கிற மாதிரியே கீது. வயசாச்சு, இதுக்குப் போயி டாக்டரா?"

"உள்ள நிக்கிறது கிட்னியைக் கெடுத்துடும்யா. கெடும்போது வலிக்கவும் வலிக்காது. ரத்த டெஸ்ட்டும் ஸ்கேனும் எடுத்துடலாம்."

வீங்கிய புராஸ்டேட் சிறுநீரை மறித்திருந்தது. கிட்னி அப்போதுதான் திணறத் தொடங்கியிருந்தது. நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார் டாக்டர்.

சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியவர், மணிக்கணக்கில் நாற்காலியை விட்டு எழவில்லை. அடுத்த வாரமே ஒரு தாளோடு என் முன் வந்து நின்றார். ரவுண்ட்ஸ் ஏன் குறைந்தது என்று சூப்பர்வைசர் விளக்கம் கேட்டிருந்தார்.

"இன்னாம்மா எழுதறது?"

"உள்ளதை எழுதுங்க."

"கடிகாரத்த வூட்டுல மாட்டிட்டேனே, திருப்பிக் கேப்பாங்களே!"

அன்று பிற்பகல் ஜன்னல் வழியே பார்த்தேன். கழிவறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மதில் ஓரமாக முழுவதும் சுற்றி வந்தார். எனக்குத் தெரிந்து அதுதான் அவருடைய முதல் ரவுண்ட்ஸ்.